மச்சான் வராத ஞாயிறுகள்

என் நண்பன் லிப்ட் மெக்கானிக். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே கம்பெனி, ஒரே நீலச் சட்டை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அதில் முக்கோணத் தலை வைத்த சாவி ஒன்று இருக்கும். அதைப் போட்டால் எந்த மாடியிலும் லிப்ட் கதவு வெளியிலிருந்து திறந்துகொள்ளும். நகரத்து உயரக் கட்டடங்களை எல்லாம் அவன் மொட்டைமாடியிலிருந்து கீழே பார்த்திருக்கிறான், அடிக்குழியிலிருந்து மேலேயும் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு லிப்ட் கிடையாது. "வாத்தியார் பிள்ளை மக்குங்கறது சரியாத்தான் இருக்கு" என்று எங்கள் சிநேகிதர், பஸ் கண்டக்டர், படியேறி வந்து, மூச்சு வாங்க நின்று சொல்லாத ஞாயிறே இல்லை.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பதினான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வீட்டு முன்னறையில் நடந்த போருக்கு நான்தான் நடுவர்.

போர் என்றால் மேஜை மேல் நடக்கிற போர். இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், சின்னக் கூட்டமாக வண்டிகளில் கிளம்பி, எவனும் வரமாட்டான் என்று எதிரி நினைத்துக்கொண்டிருந்த மணற்காட்டைக் கடந்து, அவனுடைய விமானத்தளத்தை அடித்துவிட்டு ஓடிவந்தவர்கள் உண்டு. அந்த மாதிரி ஒரு தாக்குதலைத்தான் நாங்கள் ஆடுவோம். எங்கள் பாலைவனம் ஒரு பழைய லிப்ட்டின் தரைப்பலகை. கழற்றிப் போட்டதை அவன் கேட்டு வாங்கி வந்து, இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தி, பசை தடவிச் சலித்த மணலைத் தூவியிருந்தான். ஒரு மூலையில் விமானத்தளம்: ஒன்பது விமானங்கள், பெட்ரோல் பீப்பாய்கள், நாலு காவல்கூண்டு, ஒரு கவச வண்டி. மற்றதெல்லாம் மணல்மேடு, பாறை, நடுவில் வெள்ளையாகக் காய்ந்த ஓர் உப்புத்தரை.

ஒருவர் தளத்தைக் காப்பார். இன்னொருவர் ஆறு வண்டிகளோடு வந்து தாக்குவார். ஆனால் தாக்குபவரின் வண்டி பலகையில் இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் எங்கே போகிறேன் என்பதை அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடுப்பார். நான் என் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, காவல்காரர் கண்ணில் படுகிற தூரமா என்று அளந்து பார்ப்பேன். படாவிட்டால், "எதுவும் தெரியவில்லை" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும். பத்துச் சுற்றுக்குள் தாக்காவிட்டால் தண்ணீர் தீர்ந்துபோனதாக அர்த்தம், வந்த வழியே திரும்பவேண்டியதுதான். நாலு ஞாயிறு ஓடிய ஆட்டங்களும் உண்டு.

தளத்தைக் காப்பது எப்போதும் என் நண்பன். தாக்குவது எப்போதும் அவன் மச்சான்.

மச்சான் என்றால் வாய் வார்த்தைக்குக் கூப்பிடுகிற மச்சான் இல்லை. சொந்த மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கார் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவன் வேலை. இடிபட்ட கதவைக் கொண்டுவந்து கொடுத்தால், பழைய நிறம் எது, புது நிறம் எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாதபடி கலந்து அடித்துக் கொடுப்பான். நாங்கள் அவனை 'கலர்' என்றுதான் கூப்பிடுவோம். விரல் நகங்களில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். எங்கள் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் அவன்தான் வர்ணம் அடித்தான். "மணல் நிறம்னு ஒண்ணு கிடையாதுண்ணே. காலைல ஒண்ணு, வெயில்ல ஒண்ணு, ஈரமானா ஒண்ணு" என்று என்னிடம் ஒருமுறை முக்கால் மணிநேரம் விளக்கினான். கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம்.

இந்த ஆட்டத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்ததே அவன்தான். கல்யாணமான புதிதில் என் நண்பன் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான். பேச்சு வராத ஆள். மாமனார் கேட்ட கேள்விகளுக்கு 'ஆமா', 'இல்ல' என்று இரண்டே பதில்களை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பழுப்புத் துணி விரித்து, அட்டையில் வெட்டிய வண்டிகளை மைத்துனன் பரப்பி வைத்திருந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. தட்டு வைக்க இடமில்லை என்று மாமியார் திட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், எதிரி பக்கம் ஆள் இல்ல. நீங்க நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்" என்றான் இவன்.

அன்றைக்குச் சாப்பாடு தரையில்தான் நடந்ததாம். 'அந்த வீட்டுக்குள்ள நான் நுழைஞ்சது அந்த நிமிஷம்தான்' என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளும் இதே கதையை வேறு விதமாகச் சொல்வாள்: "என்னைப் பொண்ணு பாத்துக் கட்டிக்கிட்டாருன்னு ஊரே நினைக்குது. உண்மையில அவரு கட்டிக்கிட்டது எங்க தம்பியைத்தான். நான் சும்மா கூட வந்த சாமான்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நாங்களும் சிரிப்போம். பதினான்கு வருடம் சிரித்தோம்.

ஞாயிறு மூன்று மணிக்கு மேல் நான் போவேன். கண்டக்டர் எனக்கு முன்பே வந்து, காவல்கூண்டுக்குள் இருக்கிற சிப்பாய்களை எல்லாம் வரிசைப்படுத்திவைத்திருப்பார். பகடை உருட்டுவது அவர் பொறுப்பு. "ஏறு ஏறு, உள்ள போ" என்று கத்திக்கொண்டுதான் உருட்டுவார், வேலைப் புத்தி. தங்கச்சி டீ வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பாள். கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அது மட்டுமா, எதைப் பற்றியும் அவர்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. அவன் பேசியதெல்லாம் மச்சானோடுதான். "இந்தத் தடவை நீ தெற்கால வருவே, எனக்குத் தெரியும்." "தெரிஞ்சா சரி அத்தான், டீயைக் குடிங்க." இவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அதில் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

தங்கச்சி பிரிந்துபோவது என்று முடிவெடுத்ததற்குச் சண்டை காரணமில்லை. ஒருநாள் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்று, உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். அது சரியாகும்வரை இரண்டு மணிநேரம், கதவிடுக்கில் வாயை வைத்து, இவன் அவளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வளர்த்த நாய் என்று பேசிப் பேசி அவளைப் பயப்படாமல் பார்த்துக்கொண்டான். கம்பெனியில் பாராட்டிக் கடிதம் கொடுத்தார்கள். வீட்டில் கொண்டுவந்து காட்டினான்.

தங்கச்சி படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "முகம் தெரியாதவகிட்ட ரெண்டு மணிநேரம் பேசியிருக்கீங்க. என்கிட்ட ஒரு நாள் ரெண்டு மணிநேரம் பேசியிருக்கீங்களா?"

அவன் யோசித்திருக்கிறான். யோசித்ததே தப்பு என்று கண்டக்டர் அபிப்பிராயப்பட்டார்.

ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். சாமான் எடுக்க மச்சான் ஒரு வேனோடு வந்தான். நானும் போயிருந்தேன். மாமனும் மச்சானும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் துணி அலமாரியை மூன்று மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், "மெதுவா", "உன் பக்கம் தூக்கு", "விரல் பத்திரம்" என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டவர்கள், புதுக்குடித்தனம் போகிறவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கடைசியில் வேன் கதவைச் சாத்திவிட்டு மச்சான் திரும்பினான்.

"வரேன்..." என்றான். அடுத்த வார்த்தை வழக்கமாக வருகிற வார்த்தை. உதடு அதற்குத் தயாராகி, அப்படியே மூடிக்கொண்டது. இனி என்னவென்று கூப்பிடுவது? அக்காவுக்குப் புருஷன் இல்லை என்றால் அவனுக்கு அத்தானும் இல்லை. ஒரு கையெழுத்தில் இரண்டு உறவு போய்விட்டது. ஆனால் ஒன்றுக்குத்தான் காகிதம் இருந்தது.

"பலகை?" என்று கேட்டான் என் நண்பன்.

"இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மச்சான் வேனில் ஏறிக்கொண்டான்.

அக்கா மனசு நோகுமே என்று அவன் அதன்பின் வரவில்லை. அது நியாயம்தான். இவனும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நினைத்தான். அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மூன்று வருடம் போனது.

முதல் சில வாரம் நாங்கள் விடாமல் போனோம். தாக்குகிற பக்கம் கண்டக்டர் உட்கார்ந்தார். அவருக்கு ஒளிந்து வரத் தெரியாது. ஆறு வண்டியையும் ஒரே வரிசையாக நடு உப்புத்தரையில் ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டாவது சுற்றிலேயே மாட்டிக்கொண்டார். "பஸ் ரூட்ல வந்தா பிடிக்கத்தான்யா செய்வாங்க" என்று நான் சொன்னேன். என் நண்பன் சிரிக்கவில்லை. சுட்டு முடித்ததும், உடைந்த வண்டிகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, "அடுத்த வாரம் எனக்கு வேலை இருக்கு" என்றான். அப்படியே நின்றுபோனது.

மனைவியைப் பிரிந்தவனுக்கு ஆறுதல் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. 'போகட்டும் விடு', 'காலம் ஆற்றும்' என்று பேச்சு தயாராக இருக்கிறது. மச்சானைப் பிரிந்தவனுக்கு யார் என்ன சொல்வது? அவனுக்கே அதைச் சொல்லத் தெரியவில்லை. வெளியில் பார்த்தவர்களுக்கு அவன் மனைவியை நினைத்து வாடுவதாகத் தோன்றியது. அவனும் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது இரண்டு தெரு சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறத் தொடங்கினான். அந்த பஸ் பெயிண்ட் கடை வழியாகப் போகும். கடை வாசலில், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு தகரத் துண்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்து நிறம் பார்த்துக்கொண்டிருப்பவனை ஜன்னல் வழியாக நாலு நொடி பார்க்கலாம். சிவப்பு விளக்கு விழுந்தால் ஒரு நிமிஷம். "இன்னிக்குச் சிவப்பு விழுந்துச்சு" என்று ஒருநாள் என்னிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டான். பாதி முடி நரைத்துவிட்டது என்றான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் பலகையை எடுக்கவில்லை. வாரம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவான். ஒருநாள் நான் போனபோது காவல்கூண்டு, கவச வண்டி, விமானங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் அடுக்கி வைத்திருந்தது. அவன் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வண்டிகூட இல்லாத வெறும் மணல்.

"யாரோட ஆடறே?" என்று கேட்டேன்.

"யாரோடயும் இல்ல. சும்மா" என்று எழுந்து டீ போடப் போனான்.

இந்த இடத்தில் என் குற்றத்தைச் சொல்லிவிடவேண்டும். மச்சான் மாதாமாதம் என் கடைக்கு வருவான், அவன் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க. நான் அட்டையை எண்ணிக் கவரில் போடுகிற நேரத்தில், தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்பான்: "அவரு... நல்லா இருக்காராண்ணே?"

"இருக்காரு" என்பேன்.

"சாப்பிடறதெல்லாம்?"

"ஏதோ சமைச்சுக்கிறாரு."

அவ்வளவுதான். போய்விடுவான். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இவன் வந்து, இருமல் மருந்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பக்கத்துல எல்லாரும் சௌக்கியமா? ஏதாவது தெரியுமா?" என்பான். "எதுவும் தெரியலப்பா" என்பேன். முப்பத்தாறு மாதம் இப்படிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாது. ஒரு பக்கத்துச் சேதியை இன்னொரு பக்கம் சொல்லக்கூடாது என்று பதினான்கு வருடம் பழகிய நாக்கு. தங்கச்சி என்ன நினைப்பாளோ என்ற பயம் கொஞ்சம். நமக்கு எதற்கு வம்பு என்கிற புத்தி மிச்சம்.

என் நண்பனின் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் கண் சோதனை உண்டு. அனுப்புகிற இடம் தங்கச்சி வேலை செய்கிற மருத்துவமனை. இரண்டு வருடம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்தான். மூன்றாவது வருடம் கன்ட்ரோல் பலகையில் இருந்த எண்ணைத் தப்பாகப் படித்து வேறு ஒயரைக் கழற்றிவிட்டான். ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் சூப்பர்வைசர் கையோடு கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டார்.

அங்கே நடந்ததை அவனும் சொன்னான், பிறகு தங்கச்சியும் சொன்னாள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனது.

விளக்கணைத்த அறை. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. பேரைக் கூப்பிட்டதும் உள்ளே வந்தவனைப் பார்த்து அவள் ஒரு விநாடி நின்றாள். பிறகு எல்லோருக்கும் சொல்வது மாதிரி, "உக்காருங்க. தாடையை நிமித்துங்க" என்றாள். கனமான சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டினாள். ஒவ்வொரு வில்லையாகப் போட்டாள்.

"இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

"இது."

"இப்போ?"

"முன்னாடி இருந்தது."

"அவசரப்படாதீங்க. நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பதினான்கு வருடத்தில் இத்தனை நேரம் முகத்துக்கு முகம் பேசியதில்லை என்று தோன்றியதாம் தங்கச்சிக்கு. கிட்டத்தில் படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தாள். அவன் கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் பார்த்தான்.

"வெள்ளெழுத்து. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கண்ணாடி போட்டாச் சரியாயிடும்" என்று எழுதத் தொடங்கினாள்.

அப்போதுதான் அவன் கேட்டான்: "தம்பி எப்படி இருக்கான்?"

பேனா நின்றது. "மூணு வருஷம் கழிச்சுப் பாக்கறீங்க" என்றாள். "நான் எப்படி இருக்கேன்னு கேக்கத் தோணல. தம்பி எப்படி இருக்கான்."

அவன் அந்தக் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தான். "நீ நல்லா இருக்கேன்னு பார்த்தாலே தெரியுது. அவனைத்தான் என்னால பாக்க முடியல."

தங்கச்சிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை என்றாள். சிரிப்புத்தான் வந்தது. அவன் மூக்கிலிருந்து சோதனைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நெற்றியில் அது அழுத்திய தடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் நல்லாத்தான் இருக்கேன். அவன்தான் ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கறான். அடுத்த மாசம் வெளிநாடு போறான். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில வேலை கிடைச்சிருக்கு. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு உங்களைக் கூப்பிடாம இருக்கான். நான் விட்டது உங்களை மட்டும்தான். அவனையும் விடச் சொல்லி நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மா மாத்திரைக்கு உங்க சிநேகிதர் கடைக்குத்தான் போய்ட்டு வரான். போய்ச் சொல்லுங்க."

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தான். கண்ணாடிச் சீட்டை மேஜையில் வைத்தான்.

"அவன் இங்க வருவானாமே?"

"வருவான்."

"மாசாமாசமா?"

"மாசாமாசம்."

"என்னைப் பத்திக் கேப்பானா?"

'எதுவும் தெரியவில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. "கேப்பான்" என்றேன்.

அவன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "யோவ், ஆட்டம் நின்னு மூணு வருஷம் ஆச்சு. இன்னுமாய்யா நீ நடுவர்?"

கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டான். கடைக்கு வந்த ஒரு அம்மாள் காய்ச்சல் மருந்து கேட்டுக்கொண்டே நின்றார். என் கைக்கு எதை எடுப்பது என்றே தெரியவில்லை. பிறகு நானே மச்சானின் எண்ணைப் போட்டு அவன் கையில் போனைக் கொடுத்தேன்.

"நான்தான் பேசறேன்" என்றான் இவன். "ஞாயித்துக்கிழமை... எனக்கு வேலை இல்ல" என்றான்.

"சரி" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. "மூணு மணிக்கா?"

"மூணு மணிக்கு."

அந்த ஞாயிறு கண்டக்டர் புதுச்சட்டை போட்டு வந்தார். மச்சான் சரியாக மூன்று மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. ஆனால் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினான் தெரியுமா? "டீ ஆறிடப் போகுது", "பகடை எங்க இருக்கு", "காவல்கூண்டு ஒண்ணு சாஞ்சிருக்கு பாருங்க" என்று யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு மணிநேரம் ஓட்டினான்.

முதல் சுற்று. சீட்டை எழுதி என்னிடம் நீட்டினான். பிரித்தேன். 'நகரவில்லை' என்று இருந்தது.

"எதுவும் தெரியவில்லை" என்றேன்.

இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. 'நகரவில்லை.' 'நகரவில்லை.' நாலாவது சீட்டில், 'இங்கேயே நிற்கிறேன்' என்று எழுதியிருந்தான். வடகிழக்கு மூலையில், மணல்மேட்டுக்குப் பின்னால், ஆறு வண்டியும் கிளம்பின இடத்திலேயே நின்றன. பத்துச் சுற்றில் நாலு போய்விட்டது. எனக்குப் புரிந்தது. வந்து தாக்கினால் ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டம் முடிந்தால் எழுந்து போகவேண்டும், போனால் அடுத்த மாதம் கப்பல் பட்டறை. அதனால் அவன் வரவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை சொல்லாமலிருப்பது எனக்கே பொறுக்கவில்லை.

ஐந்தாவது சுற்றிலும், "எதுவும் தெரியவில்லை" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. என் நண்பன் புதுக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

ஆறாவது சுற்றில் அவன் ஒரு காரியம் செய்தான். பதினான்கு வருடத்தில் தளத்தை விட்டு ஓர் அங்குலம் வெளியே வராத கவச வண்டியை எடுத்து, வாசலுக்கு வெளியே வைத்தான். அதன் பின்னால் இரண்டு கூண்டுக் காவல்காரர்களையும் வைத்தான்.

"யோவ், என்னய்யா பண்றே?" என்றார் கண்டக்டர்.

ஏழாவது சுற்றில் வண்டி உப்புத்தரையைத் தாண்டியது. மிச்சமிருந்த காவலும் பின்னால் போனது. ஒன்பது விமானங்கள் ஆளில்லாமல் நின்றன.

"அத்தான், கேட்டைத் தொறந்து போட்டுட்டு எங்க போறீங்க?" என்றான் மச்சான்.

சொன்னபிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. நான் வரைபடத்தைக் குனிந்து பார்த்தேன். கண்டக்டர் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

என் நண்பன் வண்டியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "நீ வரலையே" என்றான். "அதான் பாக்கப் போறேன்."

மச்சான் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். நகத்தில் நீலம் இருந்தது. எழுந்து ஜன்னல்பக்கம் போய், கீழே யாரையோ பார்ப்பது மாதிரி நின்றான். தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, "சீட்டைக் குடுங்கண்ணே" என்றான்.

அடுத்த மூன்று சுற்றில் அவன் வடக்கு ஓரமாகச் சுற்றி வந்து, திறந்து கிடந்த வாசல் வழியாக நுழைந்து, ஒன்பதில் ஏழு விமானங்களைக் கொளுத்திவிட்டு, ஒரு வண்டிகூடப் பழுதில்லாமல் வெளியே போனான். "பாசம் வேற, பெட்ரோல் வேற அத்தான்" என்றான். கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோற்றவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. மச்சான் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இவன் கூடவே இறங்கிப் போய், அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லி இரண்டு பஸ்ஸை விட்டபிறகுதான் ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

இன்னும் மூன்று ஞாயிறுகள் கிடைத்தன. நாலாவது ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை மச்சான் புறப்பட்டான். வழியனுப்பக் குடும்பம் மொத்தமும் போகிற இடத்தில் தான் போய் நிற்பது முறையில்லை என்று இவன் போகவில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் அடிக்குழியில் இறங்கி எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குழியில் சிக்னல் சரியில்லை; மணி அடித்து அறுந்தது. ஏணியில் ஏறி வெளியே வந்தான். லிப்டை அவனே நிறுத்திவைத்திருந்தான், அதனால் பன்னிரண்டு மாடியையும் படியில் ஏறி மொட்டைமாடிக்குப் போய்த் திரும்பக் கூப்பிட்டான்.

"என்ன அத்தான், மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. ஏறிட்டியா?"

"இன்னும் இல்ல. கூப்பிடுவாங்க. அக்கா இங்கதான் பக்கத்துல இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொல்லுது."

"சாப்பிட்டேன்னு சொல்லு."

"சாப்பிடலைன்னு தெரியும்ங்குது."

பிறகு பெட்டியின் எடை, ஜன்னல் சீட்டு, அங்கே இருக்கிற குளிர் என்று பேசினார்கள். பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். "வெச்சிடட்டுமா அத்தான்?" "வை." "நீங்க வைங்க." "நீ வைடா, உன்னைத்தானே கூப்பிடறாங்க." இரண்டு பேரும் வைக்கவில்லை. பெட்டி உருளுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், தங்கச்சியின் குரல் கொஞ்சம், எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன்பின் தானாகவே அறுந்துபோனது. திரும்பப் போட்டான், அணைத்து வைத்திருந்தது.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். எண்ணெய்க் கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை. நான் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துடைத்து முடித்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"எல்லாம் கேட்டேன்யா. அங்க ஞாயித்துக்கிழமை லீவான்னு கேக்க மறந்துட்டேன்."